பசை காயும் நேரம்

போன ஆனி மாதம் ஒரு ராத்திரி 11 மணிக்கு, முன்னறையில் விளக்கையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு, பழுது பார்க்க வந்த காற்றடைத்த படகு ஒன்றின் மேல் ஈரக் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன். வெளியே சாரல். பக்கத்துத் தோப்பில் தென்னை ஓலைகள் அடித்துக்கொள்ளும் சத்தம் வேறு. அது ஓயும் இடைவெளியில்தான், காற்று எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்க முடியும். மூன்று நாளாக அந்தப் படகு பிடி கொடுக்கவில்லை. சாயங்காலம் அடித்த காற்றில் காலையில் பாதிகூட மிஞ்சாது. சோப்பு நுரை தடவிப் பார்த்தாயிற்று. வால்வில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் துடுப்பு மாட்டும் வளையத்துக்குக் கீழே, இணைப்புப் பட்டையின் விளிம்பில், நூல் கனத்துக்குச் சில்லென்று கன்னத்தில் பட்டது.

காலையில் அந்தப் பட்டையை மெல்லச் சூடு காட்டி உரித்தேன். காற்று வெளியே வந்த இடம் வேறு, ஓட்டை இருந்த இடம் வேறு. ஊசி முனை அளவு துளை ஒரு சாண் தள்ளி இருந்தது. அங்கிருந்து கிளம்பிய காற்று, பட்டைக்கு அடியில் பசை விட்டுப்போன வழியாக ஊர்ந்து வந்து இந்த விளிம்பில் வெளியேறியிருக்கிறது. விளிம்பில் மட்டும் ஒட்டுப் போட்டிருந்தால் அது வேறு பக்கம் வழி தேடியிருக்கும், படகின் சொந்தக்காரர் மறுபடியும் என் வாசலில் நின்றிருப்பார்.

அப்பா நாகர்கோவில் வடசேரியில் பஞ்சர் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அங்கேதான் வேலை. தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, குமிழி கிளம்பும் இடத்தில் குச்சியைச் சொருகி அடையாளம் வைக்க வேண்டும். ஒரு ஓட்டை கிடைத்ததும் நான் டியூபை வெளியே எடுத்தால் திட்டு விழும். முழுச் சுற்றும் பார்த்துத் தீர வேண்டும். "ஓட்டைய கண்டுபிடிக்கதுக்குத்தான் மக்கா காசு. ஒட்டுகதுக்கு இல்ல" என்பார். படகுகளும், தண்ணீரில் இறங்குகிறவர்கள் போட்டுக்கொள்ளும் மார்பு வரை ஏறுகிற நீர்க்காப்பு உடுப்புகளும் என் கைக்கு வர ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சை நினைக்காத வாரம் இல்லை.

ரப்பர் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பொருள். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் விடியற்காலையில் போனால் பால்வெட்டுக்காரர்கள் தலையில் விளக்கோடு மரம் மரமாகப் போவதைப் பார்க்கலாம். ஒட்டுப்பாலின் வாடை மழைக்காலத்தில் பேருந்துக்குள்ளேயே வரும். அதனாலேயே ரப்பர் படகு என்று சொன்னதும் அது ரப்பர்தான், ரப்பருக்கு பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் போதும் என்று நம்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் நம்பினேன். இன்றைக்கு இணையத்தில் வாங்குகிற மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவற்றில் ரப்பரே கிடையாது. நடுவில் பாலியஸ்டர் துணி, இரண்டு பக்கமும் பிவிசி பூச்சு. விலை கூடிய, வெயிலுக்கு நன்றாகத் தாங்குகிற படகுகளில் ஹைபலான் என்கிற செயற்கை ரப்பர் இருக்கும். ஹைபலானை உண்டாக்கிய டூபாண்ட் நிறுவனம் 2010-இல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதே வகை ரப்பரை வேறு நிறுவனங்கள் செய்கின்றன, பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், பஞ்சில் ஒரு சொட்டு அசிட்டோன் நனைத்துத் தேய்த்துப் பார்க்கிறேன். பிவிசி என்றால் மேல்தோல் இளகி, விரலில் பிசுபிசுக்கும். ஹைபலான் அப்படி இளகாது. ஹைபலானுக்கு நியோபிரீன் வகைப் பசை. ஒட்டுவதற்கு முன் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். பிவிசிக்கு இரண்டு பாகமாக வருகிற பாலியுரித்தேன் பசை. இங்கே உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் மெல்லிய பூச்சு போய்த் துணி வெளியே வந்துவிடும், அப்புறம் அந்தத் துணி வழியாகவே காற்று கசியும். பொருள் எதுவென்று தெரியாமல் ஒருவர் கடையில் பசை கேட்டால், அவர் எதை வாங்கினாலும் அது சூதாட்டம்தான்.

எனக்கு இது புரிந்தது மணக்குடிக் காயலில். அங்கே பழையாறு கடலில் சேர்கிறது. அலையாத்தி மரங்களின் ஓரமாக இரண்டு பேர் உட்காரும் சின்னப் படகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். முந்தின வாரம் ஒரு கெளுத்தி துள்ளி விழுந்ததில் அதன் முள் குழாயில் இறங்கிவிட்டது. கெளுத்தி முள்ளுக்கு ரம்பம் மாதிரிப் பல் உண்டு. உள்ளே போகும்போது ஒரு துளை, பிடுங்கும்போது அதையே கிழிசலாக்கிவிடும். நான் அப்பா கடைப் பழக்கத்தில் உப்புத்தாள் தேய்த்து, டியூப் சொல்யூஷன் தடவி, டியூப் பேட்ச் ஒன்றை அழுத்தி ஒட்டினேன். வீட்டில் இரண்டு நாள் காற்று நின்றது. காயலில் உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் போனதும் என் முழங்காலுக்குப் பக்கத்தில் பேட்ச்சின் ஓரம் உதடு மாதிரிப் பிரிந்து நின்றது. படகின் இன்னொரு காற்றறையில் காற்று இருந்ததால் கரை சேர்ந்தேன். பேட்ச்சை உரித்துப் பார்த்தால் பசை காயவே இல்லை, பலாப்பழப் பிசின் மாதிரி இழுபட்டது.

காரணம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பிவிசி இயல்பில் விறைப்பான பொருள், தண்ணீர்க் குழாய் அதில்தான் செய்கிறார்கள். அதைத் துணி மாதிரி மடங்க வைக்க எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியைக் கலக்கிறார்கள். அந்த எண்ணெய் உள்ளேயே இருக்காது, வெயில் பட்டால் இன்னும் வேகமாக வெளியே நகரும். ரப்பர் பசைக்குள் புகுந்து அதைக் கூழாக்கும். பாலியுரித்தேன் பசை அதை எதிர்த்து நிற்கும். குழாய் ஒட்டுகிற பிவிசி பசையும் வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் அது காய்ந்ததும் கல்லாகிவிடும், படகை ஒரு முறை மடித்தால் விண்டு போகும். சொட்டு விட்டதும் ஒட்டுகிற பசைக்கும் இதே கதி.

சரி, சரியான பசை வாங்கியாயிற்று. அப்புறமும் ஒட்டு நிற்கவில்லை என்றால்? எங்கள் ஊரில் அதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றின் ஈரம். இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். வெளிநாட்டுச் செய்முறைகளில் எல்லாம் காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது ஒட்டுங்கள் என்று ஒரு வரி வரும். படித்துவிட்டுக் கடந்து போகிற வரி அது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த ஒரு வரிதான் எல்லாமே. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் நமக்கு மழை கொண்டுவருகின்றன. கடல் ஒரு பக்கம், மலை ஒரு பக்கம், நடுவில் குளமும் வயலும். வீட்டில் ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டினேன். ஆனி, ஆடியில் அது 85-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

ஈரம் இரண்டு விதமாகக் கெடுக்கும். பசையில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். குளிர்ந்த பரப்பில் காற்றிலுள்ள ஈரம் பனி மாதிரி இறங்கும். உற்றுப் பார்த்தால் பளபளப்பு போய் மெல்லிய வெள்ளை மூட்டம் போட்டிருக்கும். அதன் மேல் ஒட்டை வைத்தால் இரண்டு பசைக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ப் படலத்தையும் சேர்த்து வைத்து ஒட்டுகிறோம். இன்னொன்று, இரண்டாம் பாகமான கெட்டியாக்கி தண்ணீரோடும் வினை புரியும். பசையைப் பிணைக்க வேண்டிய சரக்கு ஈரத்தோடு செலவாகிவிடும். ஒரு முறை திறந்த கெட்டியாக்கிப் புட்டி அடுத்த மாதம் எடுத்தால் கட்டிதட்டிக் கிடப்பதும் இதனால்தான். அதைக் கலந்து ஒட்டிவிட்டுப் பசை மோசம் என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சின்னப் புட்டியாக வாங்குங்கள், திறந்த அன்றே வேலையை முடியுங்கள்.

ஆனி, ஆடியில் வருகிற படகுகளை நான் இப்போது நாகர்கோவிலில் ஒட்டுவதில்லை. ஓட்டை கண்டுபிடிப்பது, சுத்தம் செய்வது, ஒட்டு வெட்டுவது வரை இங்கே. அப்புறம் படகைச் சுருட்டி ஆம்னி வேனில் போட்டுக்கொண்டு ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிவிடுவேன். பணகுடியில் பெரியம்மா வீடு. இந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும், தோவாளையில் வைப்பர் போட்டு ஓட்டுகிற வண்டி முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டினால் வறண்ட செம்மண்ணில் போகும். மேகம் மலையின் இந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டு வெறுங்காற்றாக அந்தப் பக்கம் போகிறது. முதல் முறை ஈரப்பதமானியையும் கையோடு கொண்டுபோனேன். காலையில் வீட்டில் 88 காட்டியது மதியம் பெரியம்மா வீட்டு நெல்லறையில் 54 காட்டியது. முப்பத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான். காற்றில் புழுதி பறக்கும் என்பதால் வெளியே வைத்து ஒட்ட முடியாது. ஜன்னலை ஒருக்களித்து, அறைக்குள் பலகை போட்டுச் செய்கிறேன். பெரியம்மா, "படகைக் கொண்டு தண்ணியே இல்லாத ஊருக்கு வாரானே" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அந்த அறையை எனக்காக ஒழித்து வைத்திருக்கிறாள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மாசி, பங்குனிக்குக் காத்திருங்கள். அதுவும் முடியாதென்றால், மழை இல்லாத ஒரு நாளில் காலை 11 மணிக்கு மேல், 3 மணிக்கு முன், குளிர்சாதன அறை இருந்தால் அதற்குள் செய்யுங்கள். அந்த இயந்திரம் ஈரத்தை உறிஞ்சிவிடும். பசை வாடை அறையில் தங்கும், அதைச் சுவாசிக்கக் கூடாது. கரைப்பான் ஆவி தீப்பற்றும். கையுறை போட்டு, பசை தடவும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்து, ஆவி போனபின் மூடுவது நல்லது. அடுப்பு, பீடி, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஒட்டும் முறை பெரிய வித்தை இல்லை, அவசரம் மட்டும் கூடாது. காற்றை முழுக்க இறக்க வேண்டும். கொஞ்சம் காற்று இருந்தாலும் அது ஓட்டை வழியாக வந்து பசையில் குமிழி போடும். ஒட்டை வட்டமாக வெட்டுங்கள், மூலை இருந்தால் அங்கிருந்துதான் பிரிய ஆரம்பிக்கும். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மிச்சம் வேண்டும். ஒட்டு உட்காரும் இடத்தைப் பென்சிலால் வரையுங்கள். பேனா மை பிவிசிக்குள் இறங்கி வருடக்கணக்கில் ஊறிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, தொடாமல் காய விடுங்கள். விரல் பட்டால் விரலின் எண்ணெய் அங்கே தங்கும். பசையை மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்ததும் இன்னொரு மெல்லிய பூச்சு. கனமாக ஒரே பூச்சாகப் போட்டால் மேலே தோல் கட்டி அடியில் கரைப்பான் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது பூச்சு விரல் முட்டியால் தொட்டால் இழுக்க வேண்டும், ஆனால் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. அந்த நிலை வந்ததும் முடி உலர்த்தும் மெஷினால் கொஞ்சம் சூடு காட்டுகிறேன். பாலியுரித்தேன் பசை சூட்டில் மறுபடி உயிர் பெறும், இறங்கியிருக்கிற ஈரமும் ஓடிவிடும். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்துச் சப்பாத்தி தேய்ப்பதுபோல் உருட்டி ஒட்டி, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்புறம் 24 மணி நேரம் தொடக் கூடாது என்பார்கள். நான் 48 மணி நேரம் விடுகிறேன். முதல் நாள் போட்ட ஒட்டை மறுநாள் காலையில் காற்றடித்துச் சோதிக்கிற ஆசையில் நாசமானவை எத்தனையோ.

ஓட்டையே இல்லாத படகையும் கொண்டுவருகிறார்கள். மதியம் நன்றாக விறைத்திருந்தது, ராத்திரி தொளதொளவென்று ஆகிவிட்டது என்பார்கள். காற்று குளிர்ந்தால் சுருங்கும். அளவுமானியில் 0.25 பார் காட்டும் குழாய் 10 டிகிரி குளிர்ந்தாலே ஏறக்குறைய 0.21 பாருக்கு இறங்கிவிடும். வெயிலில் நின்ற படகைக் காயலில் இறக்கினாலும் இதேதான். அதே கணக்கு மறுபக்கமும் உண்டு. காலையில் தண்ணீரில் விறைப்பாக அடித்துவிட்டு, மதியம் கரையில் மணலில் இழுத்துப் போட்டால் காற்று விரிந்து இணைப்பைப் பிளந்துவிடும். கரையேறினால் கொஞ்சம் காற்றைத் திறந்து விடுங்கள். வால்வு கசிகிறது என்றால் முதலில் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் மடலைக் கழுவிப் பாருங்கள். ஒரு மணல் துணுக்கு போதும், அது மூடாமல் நிற்க. சொத்தவிளைக் கடற்கரையில் படகுக்குக் காற்றடித்துவிட்டு வந்த ஒருவருக்கு நான் செய்த மொத்த வேலையும் ஒரு குவளை நல்ல தண்ணீர்தான்.

நீர்க்காப்பு உடுப்புக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அதற்கு வேடர்ஸ் என்று பெயர். பாதத்தில் பூட்ஸ், மேலே மார்பு வரை ஒரே துணி, தோளில் வார். எனக்கு முதலில் இதைக் கொண்டுவந்தவர் மீன் பிடிக்கிறவர் இல்லை, தாமரை பறிக்கிற ஒரு அண்ணாச்சி. எங்கள் பக்கத்துக் குளங்களில் தாமரையைக் குத்தகைக்கு எடுத்து, விடியும் முன் பறித்துத் தோவாளைச் சந்தைக்கு அனுப்புவார்கள். தாமரைத் தண்டு முழுக்கச் சொரசொரவென்று முள். இடுப்பளவு தண்ணீரில் அதற்குள் நகர்ந்து போனால் கையும் காலும் கீறி, நாள் முழுக்க அரிக்கும். அவருடைய மகன் வெளியூரிலிருந்து ஒரு பிவிசி உடுப்பு வாங்கி அனுப்பியிருக்கிறான். இரண்டு மாதத்தில் உள்ளே தண்ணீர். "எங்கேன்னு தெரியல தம்பி, பொத்துபொத்துன்னு நனையுது" என்றார்.

அலமாரிக்குப் பின்னால் இருட்டில், செல்போன் டார்ச்சை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நூலில் கட்டிக் காலுக்குள் இறக்கினேன். கரும்பச்சைத் துணியில் கணுக்காலுக்கு மேலிருந்து தொடை வரை, முன்பக்கம் மட்டும், புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தது. எண்ணினேன், 14. அண்ணாச்சி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இம்புட்டும் முள்ளா?" என்றார். முள்தான். உடுப்பில் ஓட்டை விழுந்திருக்கும் இடத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும். முன்காலில் என்றால் குத்தியது. முழங்காலுக்குப் பின்னால் கோடாக இருந்தால் மடித்து வைத்ததில் விண்டது. கவட்டையில் என்றால் குனிந்து நிமிர்ந்ததில் இணைப்பு விட்டது. குத்தியதற்கு ஒட்டுப் போடலாம். மடிப்பில் விண்டதற்கு ஒட்டுப் போட்டாலும் பக்கத்தில் அடுத்த மடிப்பு விளையும். அதற்கு மருந்து, கழுவி நிழலில் தலைகீழாகத் தொங்க விடுவதுதான்.

14 புள்ளிக்கும் தனித்தனியாகப் பசை வைக்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு 15-ஆவது முள் பக்கத்திலேயே இறங்கும். கிழிந்துபோன ஒரு படகின் அடித்தளத் துணி வீட்டில் கிடந்தது. அதை வெட்டி, இரண்டு காலுக்கும் கணுக்காலிலிருந்து தொடை வரை முன்பக்கம் முழுக்க ஒரே தகடாக, வெளிப்புறம் ஒட்டினேன். உடுப்பு கொஞ்சம் கனத்துவிட்டது. அடுத்த தடவை தாமரை முள் முதலில் அந்தப் படகுத் துணியோடு மோதட்டும்.

வியர்வை வெளியேறும்படி செய்த, விலை கூடிய உடுப்புகளுக்கு டார்ச் உதவாது. அதை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளிப்பானில் அடித்தால், ஓட்டை இருக்கும் இடம் மட்டும் கறுத்துத் தெரியும். அங்கே உட்புறத்தில் பாலியுரித்தேன் பசை ஒரு சொட்டு, பத்து பைசா அகலத்துக்குப் பரப்பினால் போதும், ஒட்டே வேண்டாம்.

இதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இடுப்பில் பெல்ட் கட்டாமல் இறங்காதீர்கள். உடுப்புக்குள் தண்ணீர் புகுந்தால் அது ஆளை அடியில் இழுக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது, அது இழுக்காது. ஆனால் காலை உதைக்க விடாது, கரையேறும்போது அவ்வளவு தண்ணீரையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். பெல்ட் இருந்தால் உள்ளே போகிற தண்ணீர் குறையும். மணக்குடியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் பொழி, அதாவது ஆற்று வாயை அடைக்கும் மணல்திட்டு, திறந்திருக்கும் நாட்களில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் உடுப்போடும் வேண்டாம், காற்றுப் படகோடும் வேண்டாம். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் காயலுக்குக்கூடப் போகாதீர்கள். வெயில் அடிக்கும், காற்று இருக்காது, கடல் மட்டும் ஏறி வரும். தெரிந்தவர்களையே அது ஏமாற்றிவிடும்.

என் படகு பிரிந்த அன்றைக்கு மணக்குடிக் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து கயிற்றைப் பிடித்து இழுத்துத் தந்தார். உதடு பிரிந்த பேட்ச்சை விரலால் தடவிப் பார்த்தார். கட்டுமரத்துக்கு ஓட்டையே கிடையாது, தண்ணி இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் போயிரும் என்றார். வள்ளத்துக்குக் கலப்பத்து அடிக்கிறதையும் சொன்னார். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றுவார்களாம். அதற்கும் மழை நாளில் கை வைக்க மாட்டோம், மரம் உள்ளே வரைக்கும் காயணும் என்றார். அப்போது நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈரப்பதமானி வாங்கினது அதற்கு ஒரு வருஷம் கழித்து.

தாமரை அண்ணாச்சியின் உடுப்பு இப்போது பணகுடியில் பெரியம்மா வீட்டு உத்தரத்தில் தலைகீழாகத் தொங்குகிறது. நேற்று போன் பண்ணினார், ஆடி வெள்ளிக்குப் பூவுக்கு நல்ல விலை, நாளைக்கே வேணும் தம்பி என்று. திங்கள்கிழமை மதியம் ஒட்டியது. புதன்கிழமை மதியம் எடுத்துக்கொண்டு வருகிறேன் அண்ணாச்சி, அதுவரை காற்றடித்த டியூபில் மிதந்து பறித்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, காயட்டும்" என்றார்.